பாசி பார்த்த விளக்கு

சாயங்காலம் ஆறே கால் மணி. வலங்கைமானுக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டியே போகிற ஒற்றை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர். இன்னொரு பக்கம் பொதி கட்டி நிற்கிற சம்பாப் பயிர். நடுவில் ஒரு வாடகை அம்பாசிடர் போய்க்கொண்டிருக்கிறது... உள்ளே மூன்று பேர்.

குந்தவை, அந்த செல்போனை அணைத்து மடியில் வை. கதை கேட்டதே நீதான். கேட்டுவிட்டு வெளிச்சம் காட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஏற்கெனவே வந்துதான் இருக்கிறது. திருக்கடையூரில் ஊர் மெச்ச அறுபதாம் கல்யாணம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு, வேனில் ஏறுவதற்கு முன்னால் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லை. டிரைவர் சதீஷ் பஞ்சரான சக்கரத்தைக் கட்டிக்கொண்டு எவனுடைய பைக்கிலோ மாயவரம் போயிருக்கிறான். எப்போது வருவானோ அவனுக்கே வெளிச்சம். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் சாரலும் கொசுவும். எல்லாரும் இப்படி நெருங்கி உட்காருங்கள்.

"பேய்க் கதைன்னா நடுராத்திரிலல்ல ஆரம்பிக்கணும் அண்ணி? ஆறே கால்ங்கிறீங்க?" இது என் கொழுந்தன் துரைராசு. இன்றைய மாப்பிள்ளை. மாலை வாடுவதற்குள் கேள்வி கேட்க வந்துவிட்டார்.

பேய் என்ன உங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டா வருகிறது? பேசாமல் கேளுங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. கும்பகோணத்தில் நான் வேலை பார்த்த காலேஜில், தாவரவியல் லேபில் என்னோடு இருந்தாள் ஷமீரா. அவளுடைய தாய்மாமா ஹபீப் முகம்மதுக்கு நடந்தது. அந்தக் காரில் இருந்த மூன்று பேரில் ஷமீராவும் ஒருத்தி. அவள் வாயால் சொல்லி நான் கேட்டது.

ஹபீப் முகம்மது ஷார்ஜாவில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ஸ்டோர் கீப்பர். அங்கே ரத்தத்தில் இருக்கிற அணுக்களை இனம் பிரிக்கிற மெஷின் ஒன்று இருந்ததாம். தேடுகிற அணுவின் மேல் ஒரு சாயத்தை ஒட்டவைத்து வெளிச்சம் அடிப்பார்கள். சாயம் ஒட்டின அணு மட்டும் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். விரல் நுனி அளவு பாட்டிலில், குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, விமானத்தில் வரும் அந்தச் சாயம். இது எதிலிருந்து எடுக்கிறது என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். பாசியில் இருந்து என்றாராம் டாக்டர்.

மனுஷருக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. "நம்ம வயக்காட்டுல மெதக்குற பாசிம்மா! நாம காலால தள்ளிட்டுப் போறோம். அவன் பாட்டில்ல அடைச்சுப் பவிசா அனுப்புறான்!" என்று ஷமீராவுக்கு ஷார்ஜாவிலிருந்து போன் போட்டுக் கத்தினார். அவருக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது.

லீவில் வந்தார். மகள் ஆயிஷாவுக்கு அப்போது நான்கு வயசு. கைக்குழந்தையாக விட்டுப் போனது. அது அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டது. வீடே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து மனைவி மர்யமிடம், "நான் இனிமே போகல. எப்பாடு பட்டாவது இங்கயே இருக்கப் போறேன்" என்றார்.

இருப்பதற்கு வழி? பாசிதான். பெங்களூரில் ஒரு கம்பெனி, வெளிநாட்டு லேப்களுக்கு அந்தச் சாயத்தை வாங்கி அனுப்புகிறவர்கள், சாம்பிள் கேட்டார்கள். சாம்பிள் தேறிவிட்டால் வேலை நிரந்தரம், ஊரிலேயே இருந்துவிடலாம். தேறவில்லையென்றால் நோன்பு பிறப்பதற்குள் ஷார்ஜாவுக்குத் திரும்பியாக வேண்டும். முதலாளி அதுவரைக்கும்தான் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டினார். ஷமீரா சனி ஞாயிறில் போவாள். பாசியை வளர்த்து, துணியில் வடித்து, உறையவைத்து இளக்கினால் உடைந்து நீலமாக ஒரு தண்ணீர் இறங்கும். அதைச் சுத்தம் பண்ணச் சேர்க்கிற உப்பு என்ன தெரியுமா? அம்மோனியம் சல்பேட். நம் வயலுக்கு அள்ளி வீசுகிற அதே உரம்தான், இது சுத்தமானது. கடைசியில் கண்ணாடிக் குழாய்களில் நிற்கும் பாருங்கள்... வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம் மாதிரி. அதன் மேல் டார்ச் அடித்தால் நீலம் அப்படியே ரத்தச் சிவப்பாக மின்னும். நானே பார்த்திருக்கிறேன். உடம்பு சிலிர்க்கும்.

இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அது தானாக மின்னாது. மேலே வெளிச்சம் விழுந்தால்தான் மின்னும். ஆனால் அந்த வெளிச்சமே அதற்கு எமன். ரொம்ப நேரம் வெளிச்சத்தில் இருந்தாலும் செத்துப்போகும், சூடு பட்டாலும் செத்துப்போகும். இருட்டில், குளிரில் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்.

அதற்கென்று வீட்டில் கடைசி அறையை ஒதுக்கினார். ரோட்டைப் பார்த்து ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார். பெரிய கம்பெனிக் கூல்டிரிங்ஸ் வந்து நம்ம ஊர்க் கலர், சோடாவெல்லாம் படுத்ததே, அப்போது மூடின ஒரு கடையிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இருந்த பல்பைக் கழற்றினார். அந்த ரூமில் யாரும் விளக்குப் போடக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொன்னார்.

இங்கேதான் வந்தது வில்லங்கம். மக்ரிபு நேரத்தில் எந்த அறையும் இருட்டாகக் கிடக்கக்கூடாது என்று அந்த வீட்டில் ஒரு வழக்கம். நாம் விளக்கு வைக்கிற நேரம் என்போமே, அதேதான். ஒரு நிமிஷமாவது எல்லா அறையிலும் விளக்கு எரிய வேண்டும். மர்யம் தயங்கித் தயங்கித்தான் சரி என்றாள்.

முதல் சாம்பிள் போனது. எஸ்.டி.டி. பூத்தில் நின்று பெங்களூருக்குப் பேசினார். "கலரே வெளுத்துப் போயிருக்கு சார். மின்னவே இல்ல" என்றார்கள். கூரியர்காரனைத் திட்டித் தீர்த்தார். இரண்டாவது தடவை, ஷமீரா சனிக்கிழமை மத்தியானம் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஜம்மென்று மின்னியது. ஞாயிறு காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கிறது. வீட்டை விட்டே வெளியே போகவில்லை. இப்போது யாரைத் திட்டுவது?

மர்யத்தைத் திட்டினார். "மக்ரிபுக்கு வெளக்கு வச்சியா? உண்மையச் சொல்லு!"

"சத்தியமா இல்லங்க. நான் அந்த ரூம் பக்கமே போகல."

"அப்ப வெளக்கு என்ன, தானா நடந்து வந்துச்சா?"

அவள் அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை ஷமீரா போட்டோ ஸ்டுடியோவில் கறுப்புக் காகிதம் வாங்கி வந்து, புதிதாக நிரப்பின ஒவ்வொரு குழாயையும் சுற்றிக் கட்டினாள்.

மறுநாள் பூட்டு பூட்டினபடி இருந்தது. திறந்து பார்த்தார்கள். காகிதமெல்லாம் கழற்றியிருந்தது. கிழித்துப் போடவில்லை... ஒவ்வொன்றையும் நாலாக மடித்து, ஃப்ரிட்ஜ் தலையில் அடுக்கி வைத்திருந்தது. துவைத்த தாவணியை மடித்து வைப்பது மாதிரி.

கேட்கிறீர்களா? மழை கொஞ்சம் விட்டிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு ஹபீப் முகம்மது அந்த அறைக்குள் போய் உள்பக்கம் தாழ் போட்டு உட்கார்ந்தார். பேயைப் பிடிக்கவா போனார்? திருடனைப் பிடிக்கப் போனார். கையில் உலக்கை. கும்மிருட்டு. ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரம், கரெண்ட் போச்சு. ஃப்ரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு நின்றது. நம் மின்சார வாரியத்துக்கு நேரம் காலம் தெரியாதே. கரெண்ட் இல்லாததால் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இல்லை. மோதினார் வெறும் தொண்டையில் சொன்ன பாங்கு தூரத்தில் மெலிசாகக் கேட்டது.

பாங்கு முடிந்தது.

சொடக்... என்று ஒரு சத்தம். முட்டி மடக்கினால் எலும்பு சொடுக்குமே, அது. அறைக்குள்ளே.

அப்புறம் மூச்சு. ஈளை நோய்க்காரர்கள் இழுப்பார்களே, மெல்லிசாக விசில் மாதிரி... ஈ... ஈ... என்று. கூடவே தேங்காய் எண்ணெயில் திரி கருகுகிற வாசனை. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறார். விளக்கு இல்லை. வெளிச்சம் இல்லை. ஆள் இல்லை.

மேல் தட்டில் முதல் குழாய் சிவந்தது.

அது அடங்க, அடுத்த குழாய் சிவந்தது. அது அடங்க, அதற்கடுத்தது. யாரோ கையில் விளக்கோடு மெதுவாக அந்தத் தட்டைக் கடந்து போகிற மாதிரி, சிவப்பு ஒவ்வொன்றாக நகர்ந்து போகிறது. கடைசிக் குழாயில் நின்றது. மறுபடியும் சொடக்... கீழ்த் தட்டில் சிவப்பு ஆரம்பித்தது.

அந்த மூச்சு இழுப்பு அவருக்குத் தெரிந்ததுதான். சின்ன வயசில் ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டே தூங்கினது. உலக்கையைக் கீழே வைத்துவிட்டு, "மாமி?" என்றார்.

சிவப்பு நின்றது. மூச்சும் நின்றது. ஒரு கணம்தான். பிறகு பழையபடி அடுத்த குழாய்க்கு நகர்ந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தார். மர்யம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலையருகில் நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்ல மர்யம்... நீ இல்ல. மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஷமீரா கேட்டபோது ஒரேயடியாகச் சாதித்தாள். "வெளிச்சம் படாம அது மின்னவே மின்னாது மாமா. உங்க பிரமை."

"அப்ப வெளிச்சம் இருந்திருக்கும்மா. எனக்குத் தெரியல. பாசிக்குத் தெரிஞ்சிருக்கு."

மாமி என்று அவர் கூப்பிட்டது ஜன்னத் பீவியை. அவருடைய அத்தாவோடு, அதாவது அப்பாவோடு, பிறந்த அக்கா. அந்தக் கடைசி அறையில்தான் இருந்தாள், அங்கேதான் மௌத்தாகிக் கண்ணை மூடினாள். அவள் புருஷன் பினாங்குக்குச் சபுர் போனவர். பிழைப்புக்குக் கடல் தாண்டிப் போவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் வழி தெரிந்து வரட்டும் என்று தினமும் மக்ரிபுக்கு அந்த ஜன்னலில் ஒரு விளக்கு வைப்பாள். வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டிலிருந்து சபுர் போன அத்தனை ஆண்களும் ஒருத்தர் பாக்கியில்லாமல் திரும்பி வந்தார்கள். கப்பல் கவிழ்ந்தும் ஒருத்தர் வந்தார். ஜன்னத் பீவி விளக்கு வைத்தால் ஆள் வந்துவிடும் என்று ஊரில் பேச்சு. அவள் புருஷன் ஒருத்தர்தான் வரவில்லை.

"நான் வந்துட்டேன் மாமி, இனிமே வெளக்கு வேணாம்" என்று அறைக்குள் போய்ச் சொல்லிப் பார்த்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டிவந்து ஃபாத்திஹா ஓதவைத்தார். ஃப்ரிட்ஜைக் கூடத்துக்கு மாற்றினார். சிவப்பு கூடத்துக்கு வந்தது. எங்கள் காலேஜ் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன் என்று ஷமீரா பிரின்சிபாலிடம் நாயாய் அலைந்தாள். காலேஜ் ஃப்ரிட்ஜில் தனியார் பாசி வைக்க விதியில்லையாம்! அதே ஃப்ரிட்ஜில் அந்த மனுஷருடைய தயிர்சாத டப்பா இருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு தட்டு கொடுத்திருந்தால் ஒரு குடும்பம் ஒன்றாக இருந்திருக்கும்.

அடுத்த சாம்பிளும் செத்தது. அதற்கடுத்ததும் செத்தது. நோன்பு நெருங்கிவிட்டது. பெங்களூர்க்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றுவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆயிஷா அவரை அத்தா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அவர் மேல் கால் போட்டுக்கொண்டுதான் தூங்குமாம்.

ஷார்ஜாவுக்குக் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் மிச்சமிருந்த குழாய்களையெல்லாம் எடுத்துப்போய் வீட்டு முன்னால் ஓடுகிற வாய்க்காலில் கவிழ்த்தார். நீலம் கொஞ்ச தூரம் மிதந்து போய்க் கரைந்தது. சாயங்காலம் கார் வந்தது. மெட்ராஸ் போய் விமானம் ஏற வேண்டும். ஆயிஷா காரின் கைப்பிடியை விடாமல் தொங்கிக்கொண்டு அழுதது. மர்யம்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

அந்தக் கார்தான் நான் முதலில் சொன்னது. டிரைவர் இப்ராஹிம், ஸ்டேஷன் வரைக்கும் வழியனுப்ப வந்த ஷமீரா, பின் ஸீட்டில் அவர். ஆறே கால் மணி. பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம்.

ஷமீராதான் முதலில் பார்த்தாள். வாய்க்கால் தண்ணீரில்... ஒரு சிவப்பு. அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் தரையில் விழுந்தால் எவ்வளவு வட்டம் இருக்கும், அவ்வளவுதான். கார் போகப் போகக் கூடவே வருகிறது. இப்ராஹிம் வேகத்தைக் கூட்டினார். அதுவும் கூட்டியது. வளைவில் கார் நிதானித்தது. அதுவும் நிதானித்தது. கரையில் யாரும் இல்லை. விளக்கும் இல்லை. தண்ணீர் மட்டும் சிவந்து சிவந்து வருகிறது.

"மாமா, பாக்காதீங்க" என்றாள் ஷமீரா.

அவர் பார்த்துவிட்டார். "வண்டிய நிறுத்து!" என்று ஒரே கத்து. நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துகொண்டு குதித்து, கரையில் போய் நின்றார். சிவப்பும் அவர் எதிரே வந்து நின்றது. ஈ... ஈ... என்று அந்த இழுப்பு. ஷமீரா காரில் இருந்தே கேட்டாளாம்.

"ஏன் மாமி? ஏன்? நீ வெளக்கு வச்சதாலதான் நான் போறேன்! என் புள்ள அழுவுறத பாத்தியா நீ? யாருக்கு வழி காட்டுற? வந்தவனையே தொரத்திட்டியே! அணை! அந்த வீட்டுல இனிமே நீ வெளக்கே வைக்கக் கூடாது, எந்த வெளக்கும் எரியக் கூடாது. அணைச்சுட்டுப் போ!"

தொண்டை கிழியக் கத்தினார். அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது. கத்தி முடித்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தண்ணீரில் சிவப்பு ஆடியது. இழுப்பு ஒரு தடவை பெரிசாக மேலே போனது... மூச்சைச் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி. அப்புறம்,

ஃபூ.

அணைந்துவிட்டது. திரி கருகின வாசனை மட்டும் ரோடு முழுக்க அடித்தது.

"அப்புறம் பெரியம்மா? சாம்பிள் சரியாச்சா?" குந்தவைக்கு அவசரம்.

எங்கிருந்து சாம்பிள்? ஆள்தான் போய்விட்டாரே. ஆனால் அன்றையிலிருந்து அந்த அறையில் ஒரு தொந்தரவும் இல்லை. இருட்டென்றால் அப்படி ஒரு இருட்டு.

அவர் திரும்பி வரவில்லை. உயிரோடுதான் இருக்கிறார், வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். வரத்தான் முடியவில்லை. ஒரு வருஷம் கம்பெனி மூடி, பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டது. ஒரு வருஷம் டிக்கெட் கையில் இருக்கும்போது மஞ்சள் காமாலை. ஒரு தடவை ஏர்போர்ட் வரை வந்து, பேரில் ஏதோ குழப்பம் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வீட்டிலிருந்து சபுர் போய்த் திரும்பாத ஆண் அந்தப் பினாங்குக்காரருக்கு அப்புறம் இவர்தான். ஆயிஷாவுக்கு இப்போது நிக்காஹ் வைத்திருக்கிறார்கள். அத்தா போனில்தான் சலாம் சொல்லப் போகிறார்.

பத்திரிகை கொடுத்தார்கள் என்று போன வாரம் ஷமீராவோடு போயிருந்தேன். பேச்சு வாக்கில் மக்ரிபு ஆகிவிட்டது. மர்யம் எழுந்து, "வாங்க மங்களம்" என்று என்னையும் ஷமீராவையும் கடைசி அறைக்குக் கூட்டிப்போனாள். அடைத்த ஜன்னலை இடித்துத் திறந்திருக்கிறார்கள். திட்டில் ஒரு விளக்கு. எண்ணெய், திரி எல்லாம் சரியாக இருக்கிறது. திரி நுனி மட்டும் வெள்ளை வெளேரென்று. அவர் வரட்டும் என்று வருஷக்கணக்காகத் தினமும் மர்யம் ஏற்றப் பார்க்கிற விளக்கு, திரி கருகவே இல்லை.

மர்யம் தீக்குச்சியைக் கிழித்துத் திரிகிட்டே கொண்டுபோனாள். காற்றென்று ஒரு பொட்டு இல்லை. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். நான் மூச்சுக்கூட விடவில்லை.

ஈ... ஈ...

ஃபூ.

மர்யம் பயப்படவில்லை. பழகிப்போயிருக்கிறது அவளுக்கு. அடுத்த குச்சியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற மாமியாரிடம் பேசுகிற மாதிரி அந்த இருட்டைப் பார்த்துச் சொன்னாள். "அவங்க கோவத்துல சொன்னது மாமி... அதப் போயி மனசுல வச்சுக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு எரிய விடுங்களேன். ஆயிஷா நிக்காஹ் வருது."

குச்சியைக் கிழித்தாள். சிவப்பாக ஒரு பொட்டு எழுந்தது.

சொடக்... என்று எனக்குப் பக்கத்தில் யாரோ குனிந்தார்கள்.